பேய்ப்படங்களை மறுபடி எடுக்கப் போகிறவர்களுக்கு

மதிப்பிற்குரிய தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்களுக்கும், அவர்களோடு கதை விவாதத்தில் உட்காரும் இயக்குநர்களுக்கும்,

வணக்கம். வேற்றுமொழியில் ஓடிய திகில் படத்தின் உரிமையை வாங்கித் தமிழில் எடுப்பது நமக்குப் புதிதில்லை. 1964-இல் இந்தியில் வந்த 'வோ கௌன் தி' இரண்டே ஆண்டில் ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடிக்க 'யார் நீ?' ஆனது. மதன் மோகன் அங்கே போட்ட மெட்டுதான் இங்கே பி. சுசீலாவின் குரலில் 'நானே வருவேன்' என்று வந்தது. இரவு நேரத்தில் வானொலியில் அந்தப் பாட்டு வந்தால் இன்றும் எனக்கு முதுகுத்தண்டு சில்லிடும். இந்திப் படத்தைப் பார்த்திராத ஒரு தலைமுறைக்கு அதுதான் மூலம். ஆகவே ரீமேக் என்றாலே மட்டம் என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. பேய்ப்படங்களை நேசித்து வளர்ந்தவள் என்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

'யார் நீ?' வந்த காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அன்று மதுரையிலோ தஞ்சாவூரிலோ இருந்தவருக்கு இந்திப் படம் எளிதில் கிடைக்காது, கிடைத்தாலும் மொழி புரியாது. அப்போது ரீமேக் என்பது ஒரு தேவை. இன்று கொரியப் படமானாலும் மலையாளப் படமானாலும் கீழே எழுத்தோடு கைப்பேசியிலேயே கிடைக்கிறது. உங்கள் படம் வெள்ளிக்கிழமை வெளியாகும் என்றால், வியாழக்கிழமை இரவே ஊரில் பாதிப் பேர் மூலப்படத்தைப் பார்த்து முடித்திருப்பார்கள். கொலைகாரன் யார், பேய் உண்மையா பொய்யா, கடைசியில் யார் சாகிறார்கள் என்பதெல்லாம் தெரிந்துதான் உள்ளே வந்து உட்காருகிறோம். மற்ற வகைப் படங்களுக்கு இது சிறிய நஷ்டம். திகில் படத்துக்கு இதுவே அடிமடியில் கைவைப்பது. முடிச்சு தெரிந்த பார்வையாளரை மறுபடியும் எதைக் காட்டிப் பயமுறுத்தப் போகிறீர்கள்? உரிமைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்பு இந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

"ஒரிஜினல் அளவுக்கு வருமா?" என்று ஒவ்வொரு அறிவிப்பின்போதும் ரசிகர்கள் கேட்கிறார்கள். வரும், வந்தும் இருக்கிறது. ஜான் கார்பென்டர் 1982-இல் எடுத்த 'தி திங்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜான் டபிள்யூ. கேம்ப்பெல் 1938-இல் எழுதிய குறுநாவலை வைத்து 1951-லேயே ஒரு படம் வந்துவிட்டது. கார்பென்டருக்கு அந்தப் பழைய படத்தின்மேல் அவ்வளவு பிரியம். 1978-இல் அவர் எடுத்த 'ஹாலோவீன்' படத்தில் பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்ப்பதே அந்தப் படத்தைத்தான். பிறகு அவரே அதை எடுக்க வந்தபோது என்ன செய்தார்? 1951 படத்தில் வேற்றுக்கிரக ஜந்து நடமாடும் ஒரு உருவம். கதவைத் திறந்தால் அங்கே நிற்கும். கார்பென்டர் அந்த உருவத்தையே எடுத்துவிட்டு, குறுநாவலில் இருந்த வேறொரு பயத்துக்குத் திரும்பிப் போனார். ஜந்து யார் வடிவத்தையும் எடுக்கும். அண்டார்டிகாவின் பனிக்கு நடுவே ஒரு முகாமில் அடைபட்ட ஆண்கள், பக்கத்தில் இருப்பவன் மனிதன்தானா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ஒவ்வொருவர் இரத்தத்திலும் சூடான கம்பியை வைத்துச் சோதிக்கும் அந்தக் காட்சியில் ஜந்து இருப்பது நமக்குத் தெரியும். யாருக்குள் இருக்கிறது என்பதுதான் தெரியாது. மூலத்தைப் பார்த்தவருக்கும் பார்க்காதவருக்கும் அங்கே ஒரே அளவு நடுக்கம். 'ஈ.டி.' வெளியாகி இரண்டே வாரத்தில் வந்ததாலோ என்னவோ, அன்று விமர்சகர்களும் கைவிட்டார்கள், வசூலும் இல்லை. இன்று திகில் படங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தப் பெயரைச் சொல்லாமல் பேச்சை முடிப்பதில்லை.

ஜப்பானில் ஹிதேயோ நகாதா 1998-இல் எடுத்த 'ரிங்கு' படத்தை கோர் வெர்பின்ஸ்கி 2002-இல் அமெரிக்காவில் எடுத்தார். பார்த்தவரை ஏழே நாளில் சாகடிக்கும் ஒரு சாப ஒளிநாடா, அதை இன்னொருவருக்குக் காட்டினால்தான் தப்பலாம் என்பது கதை. கிணறும் ஒளிநாடாவும் ஏழு நாள் கெடுவும் அப்படியே இருந்தன. ஜப்பானியப் படத்தின் முடிவில் தாய் தன் மகனைக் காப்பாற்ற, சாப நாடாவை எடுத்துக்கொண்டு தன் வயதான தகப்பனிடம் போகக் காரை ஓட்டுகிறாள். மூன்று தலைமுறைக் குடும்பத்துக்குள் யாரைக் காக்க யாரைக் கொடுப்பது என்ற கேள்வி அது. அமெரிக்கப் படத்தில் தகப்பனார் கிடையாது. மகன் தாயிடம், நாம் இதைக் காட்டப்போகும் ஆளின் கதி என்ன என்று கேட்கிறான். தாய் பதில் சொல்வதில்லை. அதே கொடூரம்தான். அங்கே குடும்பத்துக்குள் நடந்தது, இங்கே முகம் தெரியாத அந்நியன் தலையில் போய் விழுகிறது. எனக்கு ஜப்பானியப் படமே ஒரு படி மேல். ஆனாலும் அமெரிக்கப் படத்தைத் தனியாக இரவில் பார்க்க என்னால் முடியாது. அதுவே அதற்குப் போதுமான சான்றிதழ்.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். 1993 கிறிஸ்துமஸுக்கு வெளியான மலையாளப் படம் 'மணிச்சித்திரத்தாழு'. மது முட்டம் எழுதி ஃபாசில் இயக்கியது. ரீமேக் பற்றிப் பாடம் எடுக்க வேண்டுமென்றால் இந்தியாவில் இதைவிடச் சிறந்த உதாரணம் கிடையாது. ஒரே கதை கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' (2004), தமிழில் 'சந்திரமுகி' (2005), இந்தியில் 'பூல் புலையா' (2007) என்று போனது. எல்லாமே ஓடின.

நான் நாகர்கோவில்காரி. எங்கள் ஊர்த் தியேட்டர்களில் மலையாளப் படங்கள் நேரடியாகவே வெளியாகும். அந்தப் படத்தில் வரும் அரண்மனையின் பகுதிகள் திருப்பூணித்துறையிலும், எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் வந்துவிடும் பத்மநாபபுரத்திலும் எடுக்கப்பட்டவை. படத்தில் பூட்டிய அறைக்குள் இருப்பவள் நாகவல்லி, தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட நாட்டியக்காரி. கேரளத்து அரண்மனைக்காரனான சங்கரன் தம்பி அவளை அடைத்து வைத்து, அவள் காதலனையும் பிரித்து, கடைசியில் அவளைக் கொல்கிறான். பிற்காலத்தில் கணவனோடு அந்த வீட்டுக்கு வரும் கங்கையின் (ஷோபனா) வாயில் நாகவல்லி பேசும்போது தமிழில் பேசுகிறாள். 'ஒருமுறை வந்து பார்த்தாயா' பாட்டின் தமிழ் வரிகளை எழுதியவர் வாலி. கொச்சியில் உட்கார்ந்து பார்த்தவருக்கு அந்தத் தமிழ் எங்கிருந்தோ வந்த குரல், அதனால் பயம். எங்கள் தியேட்டரில் அவள் வாயைத் திறந்ததும் அரங்கம் அமைதியானது வேறு காரணத்துக்காக. அவள் எங்கள் பெண். அவளுக்கு என்ன நடந்தது என்று எங்களுக்கு உடனே புரிந்தது. பயந்துகொண்டே அவள் பக்கம் நின்றோம்.

பி. வாசு இதைக் கன்னடத்துக்குக் கொண்டுபோனபோதும் பிறகு தமிழுக்குக் கொண்டுவந்தபோதும் அந்தப் பெண்ணைத் தெலுங்குக்காரி ஆக்கினார். பிரியதர்ஷன் இந்தியில் அவளை வங்காளி ஆக்கினார். இது மிகச் சரியான முடிவு என்று நினைக்கிறேன். தமிழ்ப் படத்தில் பேய் தமிழிலேயே பேசியிருந்தால் கங்காவின் குரல் மாறுவதில் பாதி அதிர்ச்சி போயிருக்கும். அதைவிட முக்கியமாக, பக்கத்து நாட்டுப் பெண்ணைத் தூக்கிவந்து அழித்தவன் நம் ஆள் என்ற குற்றவுணர்வு அந்தந்த ஊருக்கே இடம் மாறுகிறது. வேட்டையபுரத்து அரசன் வேட்டையன் செய்த பாவம் தமிழ் அரண்மனையின் பாவம். 'ரா ரா' பாட்டுக்கு ஜோதிகா ஆடும்போது நம் வீட்டுக்குள் அடைபட்ட ஒருத்தியின் நியாயமான கோபத்தைப் பார்த்திருக்க வேண்டும். ரீமேக் இவ்வளவு தூரம் சரியாக யோசித்தது.

அப்புறம் நட்சத்திரம் வந்தார். ரஜினிகாந்தை எனக்கு மிகவும் பிடிக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'சந்திரமுகி'யில் பிற்பகுதியில் வரும் வேட்டையன் வேடத்தை அவர் ரசித்து ரசித்துச் செய்தார். அந்த 'லகலக'வைத் தெருப்பிள்ளைகள் வரை சொல்லித் திரிந்தார்கள். ஆனால் வேட்டையன் யார்? ஒரு பெண்ணைக் கடத்திவந்து, அவள் காதலன் தலையைச் சீவி, அவளை உயிரோடு எரித்தவன். மலையாளத்தில் சங்கரன் தம்பி பெரும்பாலும் மற்றவர்கள் பேச்சில் வந்துபோகும் ஆள். நாம் கைதட்டுவதற்கு அவனிடம் எதுவும் இல்லை. தமிழில் விசிலுக்குரியவன் அவனே ஆகிவிட்டான். சந்திரமுகியின் கண்ணீரோடு வெளியே வந்திருக்க வேண்டிய கூட்டம், அவளைக் கொன்றவனின் சிரிப்பைச் சொல்லிக்கொண்டு வெளியே வந்தது. சென்னை சாந்தி தியேட்டரில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடிய படத்தைப் பற்றி இப்படிச் சொல்கிறேன் என்று கோபப்படாதீர்கள். வசூலை நான் மறுக்கவில்லை. அந்தக் கதைக்குள் இருந்த பயம் எங்கே நழுவியது என்பதைத்தான் காட்டுகிறேன்.

இன்னொன்று, நாயகன் எப்போது வருகிறார் என்பது. 'மணிச்சித்திரத்தாழு'வில் மோகன்லாலின் டாக்டர் சண்ணி வருவது படம் நெடுந்தூரம் ஓடிய பிறகு. அதுவரைக்கும் நாம் கங்கையோடு வாழ்கிறோம். வேலை வேலை என்று இருக்கும் கணவன், பெரிய வீடு, பழைய கதைகள்மேல் அவளுக்கு இருக்கும் அடங்காத ஆர்வம், சிறு வயதில் பெற்றோர் விட்டுப் போக ஊரில் பாட்டியோடு கழித்த தனிமை. வீட்டில் விபரீதங்கள் நடக்கும்போது திரைக்கதை நம் சந்தேகத்தைத் தந்திரமாக அந்தக் குடும்பத்துப் பெண் ஸ்ரீதேவி பக்கம் திருப்புகிறது. நாமும் நம்புகிறோம். ஏனென்றால் கங்கையை நமக்கு அவ்வளவு பிடித்துப்போயிருக்கிறது. கல்யாணப் பெண் அல்லிக்கு நகை வாங்கப் போகவேண்டாம் என்று கணவன் தடுக்கும் அந்தக் காட்சியில், முகத்தில் பேய் ஒப்பனை ஏதுமின்றி, ஷோபனாவின் கண்ணும் தாடையும் மட்டும் மாறி, கட்டிலை ஒரு கையால் தூக்கும்போது நம் வயிற்றைப் பிசைவது அந்தப் பிரியம்தான். நமக்கு வேண்டியவள் நம் கண்ணெதிரில் வேறொருத்தி ஆகிறாள். அந்த நடிப்புக்குத் தேசிய விருது கிடைத்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை.

'சந்திரமுகி'யில் டாக்டர் சரவணன் படம் தொடங்கியதுமே சண்டையோடும் பாட்டோடும் வந்துவிடுகிறார். வந்த நிமிடமே எதுவும் கெட்டது நடக்காது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. திகில் படத்தில் பாதுகாப்பை முதல் காட்சியிலேயே கொடுத்துவிட்டால் மீதி நேரம் முழுக்க அதைத் திரும்பப் பிடுங்கப் போராட வேண்டியிருக்கும். அதற்காகத்தான் அந்தப் பெரிய பாம்பு தேவைப்பட்டது என்று எனக்குத் தோன்றும். கதையில் அந்தப் பாம்புக்கு ஒரு வேலையும் இல்லை. ஆளில்லாத அறையில் ஊர்ந்து போகும், அவ்வளவுதான். ஜோதிகாவோ அந்தப் பாம்பு இல்லாமலே போதுமானவர். படுக்கையறைக் காட்சியில் அவர் கண்களை உருட்டிப் பிரபுவைப் பார்க்கும் அந்தச் சில நொடிகள், படத்தின் மற்ற எல்லாக் கிராஃபிக்ஸையும்விட எனக்கு நினைவிருக்கின்றன. அவருக்கு இன்னும் ஒரு மணி நேரம் கொடுத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

சிரிப்பு வந்தால் பயம் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். அதை நான் ஏற்கவில்லை. மலையாளப் படத்தில் இன்னசென்டும் குதிரவட்டம் பப்புவும் செய்யாத சிரிப்பா? தமிழில் வடிவேலு அந்த மாளிகைக்குள் நடுங்கிக்கொண்டு நடக்கும் காட்சிகளில் பயமும் சிரிப்பும் ஒரே மூச்சில் வருகின்றன. பயந்தவனைப் பார்த்துச் சிரிக்கும்போது பயம் அரங்கிலேயே இருக்கிறது. பேயையே கோமாளி ஆக்கும்போதுதான் அது எழுந்து போய்விடுகிறது. கடந்த சில ஆண்டுகளில் வந்த பேய் நகைச்சுவைகளில் பெரும்பாலானவை இரண்டாவது வகை என்பது உங்களுக்கே தெரியும்.

மறுபக்கமும் இருக்கிறது. எதையும் தொடாமல் அப்படியே எடுத்தால் சரியாகிவிடும் என்று எண்ணுகிறவர்களுக்கு ஹாலிவுட்டே பதில் சொல்லியிருக்கிறது. ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) படத்தை 1998-இல் கஸ் வான் சான்ட் ஏறக்குறைய ஒவ்வொரு ஷாட்டாகத் திரும்ப எடுத்தார். அதே திரைக்கதை, அதே இசை, கறுப்பு வெள்ளைக்குப் பதில் வண்ணம். பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு கணம்கூட பயம் வரவில்லை. 1960-இல் நாயகி பாதிப் படத்துக்கு முன்பே குளியலறையில் செத்துப்போவாள் என்று யாரும் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று ஹிட்ச்காக் தியேட்டர்காரர்களுக்குக் கட்டளையே போட்டார். 1998-இல் அந்தக் குளியலறை உலகம் முழுக்கத் தெரிந்த காட்சி. ஷாட்டை நகலெடுக்க முடிந்தது, அந்த நம்பிக்கைத் துரோகத்தை நகலெடுக்க முடியவில்லை.

அருகிலேயே இன்னொரு உதாரணம். வைக்கம் முகம்மது பஷீர் தன் 'நீலவெளிச்சம்' கதையை வைத்துத் தானே திரைக்கதை எழுத, ஏ. வின்சென்ட் 1964-இல் 'பார்கவி நிலையம்' எடுத்தார். பேய் வீட்டில் குடிவரும் ஓர் எழுத்தாளன் பேயோடு பேசிப் பேசியே நட்பாகும் கதை. 2023-இல் ஆஷிக் அபு அதை மறுபடி எடுத்தார். பாபுராஜின் பாட்டுகள் புது ஒலியில் வந்தன, ஒளிப்பதிவு அவ்வளவு அழகு. ஆனால் பஷீர்மேல் இருந்த மரியாதை இயக்குநரின் கையைக் கட்டிப்போட்டுவிட்டது என்றே எனக்குப் பட்டது. வெள்ளைச் சேலைப் பேய் இந்தக் காலத்தில் யாரை, ஏன் பயமுறுத்தும் என்று அந்தப் படம் கேட்டுக்கொள்ளவே இல்லை.

முடிவை மாற்றுவது பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் "நம்ம ஆடியன்ஸுக்கு இது ஒத்துவராது" என்ற வார்த்தை கதை விவாதங்களில் எப்போதும் வரும் என்று கேள்விப்படுகிறேன். நெதர்லாந்தில் ஜார்ஜ் ஸ்லூய்சர் 1988-இல் 'ஸ்போர்லூஸ்' என்று ஒரு படம் எடுத்தார். காணாமல் போன காதலிக்கு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ளத் துடிக்கும் ஒருவன், கடைசியில் அதைத் தெரிந்துகொள்கிறான். எப்படி என்றால், மண்ணுக்கடியில் ஒரு பெட்டிக்குள் கண் விழித்து. உலக சினிமாவில் அதைவிடக் குரூரமான முடிவுகள் குறைவு. அதே இயக்குநரை அழைத்து ஹாலிவுட் 1993-இல் 'தி வேனிஷிங்' என்று எடுத்தது. அதில் நாயகன் காப்பாற்றப்படுகிறான். இயக்குநரும் அவரே, கதையும் அதுவே. முடிவு ஒன்று மாறியதும் முழுப் படமும் சாதாரணத் துப்பறியும் படமாகச் சுருங்கிவிட்டது. மூலப்படம் எடுத்தவரையே கூட்டிவந்தால் போதும் என்று நினைக்கும் தயாரிப்பாளர்கள் இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும்.

ஒலியைப் பற்றி ஒரு வேண்டுகோள். நம் திகில் படங்களில் அமைதி என்பதே அற்றுப்போயிற்று. கதவு திறந்தால் ஒரு இடி, பூனை ஓடினால் ஒரு இடி, நாயகி திரும்பினால் ஒரு இடி. திடுக்கிடுவதும் பயப்படுவதும் வேறு வேறு. பட்டாசு வெடித்தாலும் திடுக்கிடுவோம், வீட்டுக்குப் போனதும் மறந்துவிடுவோம். 'ரிங்கு'வில் பேயான சதாகோ தொலைக்காட்சியிலிருந்து வெளியே ஊர்ந்து வரும் காட்சிக்கு, நடிகையைப் பின்னோக்கி நடக்க வைத்துப் படம்பிடித்து அதைக் கடைசியிலிருந்து முதலுக்கு ஓட்டினார்கள். அந்த உடல் ஏதோ ஒரு விதத்தில் தப்பாக அசைகிறது என்று மட்டும் நமக்குத் தெரியும், என்ன தப்பு என்று பிடிபடாது. பெரிய செலவில்லாத வேலை அது. யோசிக்க நேரம் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் வெளிநாட்டுக் கிராஃபிக்ஸ் நிறுவனத்துக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கைத் திரைக்கதை எழுதுபவருக்கும் ஒலி வடிவமைப்பாளருக்கும் கொடுங்கள். படப்பிடிப்புக்கு முன்பே அவர்களைப் பத்மநாபபுரம் அரண்மனைக்கோ, செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டுக்கோ, நீலகிரியில் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவுக்கோ அனுப்பி, இரவில் அங்கே என்னென்ன சத்தம் கேட்கிறது என்று எழுதிவரச் சொல்லுங்கள்.

நாயகனை முடிவு செய்துவிட்டு அவருக்கேற்ற பேய்க்கதையைத் தேடாதீர்கள். கதை முடிவாகட்டும், அது யாருடைய கதை என்று தெரியட்டும், பிறகு கால்ஷீட் கேளுங்கள். பெரும்பாலான நல்ல பேய்க்கதைகள் ஒரு பெண்ணுடைய கதைகள் என்பதை மறந்துவிடாதீர்கள். மூலக்கதை எழுதியவர் பெயரைத் திரையில் பெரிய எழுத்தில் போடுங்கள். எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், எந்த மொழியில் எழுதியிருந்தாலும்.

கடைசியாக நான் கேட்பது உங்களுக்கு விசித்திரமாகப் படலாம். 2024 ஆகஸ்டில் 'மணிச்சித்திரத்தாழு'வைப் புதுப்பித்து மறுபடி தியேட்டர்களில் வெளியிட்டார்கள். முடிவு தெரிந்த, வசனம் மனப்பாடமான, முப்பது ஆண்டுப் பழைய படத்துக்கு மக்கள் வந்து உட்கார்ந்தார்கள். அடுத்த திகில் ரீமேக்கை வெளியிடும்போது, அதற்கு முந்தைய வாரம் மூலப்படத்தைத் தமிழ் எழுத்தோடு சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் சில திரைகளிலாவது போடுங்கள். உரிமை உங்கள் கையில்தானே இருக்கிறது, ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வரி சேர்த்தால் போதும். மூலத்தைப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் உங்கள் படத்துக்கு வருகிற முதல் வரிசையில் நானும் இருப்பேன்.

அன்புடன்,
நாகர்கோவிலிலிருந்து ஒரு ரசிகை